கிழங்கைக் கடித்தது யார்?

என் அண்ணிக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. பல்தான் நிற்கும். கடைத்தெருவில் யாராவது எதிரே வந்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டால், அண்ணியும் வாய் நிறைய நலம் விசாரிப்பார். அவர் நாலடி தள்ளிப் போனதும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தம்பி, யாரு அது?" என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்கே பிடிபட்டுவிடும். "ஓ, கீழ் வரிசை ஆடுதுன்னு திருப்பித் திருப்பி அனுப்புனாரே, அவரா! இப்ப கச்சிதமா உக்காந்திருக்கே!" என்று அந்த மனிதரின் முதுகைப் பார்த்து மலர்ந்து சிரிப்பார்.

செருப்புக் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போனால் வரும் இரண்டு அறைகளில்தான் அண்ணிக்கு வேலை. பல் செட் செய்யும் இடம். நோயாளியின் வாயில் பசை மாதிரி ஒன்றை வைத்து அழுத்தி டாக்டர்கள் எடுத்த அச்சு அங்கே வந்து சேரும். அண்ணி அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுப்பார். யாரோ ஒருவரின் தாடை மேஜைமேல் வந்து உட்கார்ந்திருக்கும். அதன்மேல் மெழுகால் ஈறு கட்டி, கத்தியை விளக்கில் காட்டிச் சூடாக்கி, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவார். அந்த வேலையில் அவருக்குப் பொறுமை ஏராளம். அதையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். பால் பொங்கக்கூட அவரால் காத்திருக்க முடியாது.

என் அண்ணன் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் பெயிண்டர். சுவரில் இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் டேப் ஒட்டாமல், நூல் பிடிக்காமல், வெறும் பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் கோடு போடுவார். அதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். சாயங்காலம் இருவரும் வீடு திரும்பும்போது அண்ணன் காதில் பெயிண்ட் இருக்கும், அண்ணி புருவத்தில் காய்ந்த பிளாஸ்டர் இருக்கும். கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அண்ணி அண்ணன் காதைச் சுரண்டி விடுவார். அண்ணன் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து அண்ணி புருவத்திலிருந்து பிளாஸ்டர் துணுக்கை முடிக்கு வலிக்காமல் எடுத்துப் போடுவார். கண்ணாடி முன்னால் நின்றால் அண்ணியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுக்க மாட்டார். எனக்கு அந்த நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருக்கும். ஏதாவது சாக்கு சொல்லி எழுந்து போய்விடுவேன்.

நான் அவர்களோடுதான் இருக்கிறேன். பஸ் டிப்போவில் ஷிப்ட் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் அண்ணி முந்திக்கொண்டு, "அவன் மூக்கு மேல கோவம் உக்காந்திருக்கு. அது எறங்கட்டும், அப்புறம் பொண்ணு பாப்போம்" என்பார். அது இறங்குகிற மாதிரி தெரியவில்லை.

ஒருநாள் யார் வீட்டிலோ ஏணிமேல் நின்றிருந்த அண்ணனின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. இறங்கி எடுக்கப் போனவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது நடை பரவாயில்லை. பேச்சு, ஒவ்வொரு சொல்லாக யோசித்து எடுத்து வைக்கிற மாதிரி வந்தது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பத்திரமாக வைத்திருப்பது போல அதை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வாரத்துக்கு இரண்டு தடவை பிசியோதெரபிக்காரப் பெண் வருவாள். கலகலப்பான பெண். "சார், இந்தப் பந்த அமுக்குங்க. சார், இந்தப் பட்டாணிய ஒண்ணொண்ணா எடுத்து அந்தக் கிண்ணத்துல போடுங்க. ரெண்டு விரலும் சேரணும், அதான் முக்கியம்" என்பாள். அவள் இருக்கும்வரை அண்ணன் மரியாதைக்காக முயல்வார். பட்டாணி உருண்டோடும். அவள் படி இறங்கியதும் பந்தைக் காலால் உதைத்து பீரோவுக்கு அடியில் தள்ளிவிடுவார். நான் குனிந்து எடுத்துக் கொடுப்பேன். மறுபடி தள்ளுவார். எனக்குக் கோபம் வரும். யார்மேல் கோபம் என்று மட்டும் தெரியாது.

அப்போதுதான் அண்ணி நர்சரியிலிருந்து ஒரு பை நிறைய லில்லிக் கிழங்கு வாங்கி வந்தார். சின்ன வெங்காயத்துக்கு அண்ணன் மாதிரி, செதில் செதிலாக வெள்ளைக் கிழங்குகள். "பந்து பிடிக்கலைல்ல? இத அமுக்குங்க, மண்ணுக்குள்ள" என்று அண்ணனிடம் நீட்டினார். சமையலறைச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே எங்களுக்கு ஒரு துண்டு மண் உண்டு. துணி துவைக்கிற கல்லில் ஆரம்பித்து பின் மூலை வரை நீளும். நான் கொத்திக் கொடுத்தேன். அண்ணன் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார். இடது கை சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும், அதுதான் அண்ணி போட்ட சட்டம். வலது கையால் ஒரு கிழங்கைப் பிடிக்க, குழியில் வைக்க, மண்ணை இழுத்து மூட, ஒரு டீ ஆறிப் போகும் நேரம் ஆனது. கிழங்கு கைநழுவி உருளும். வாய்க்கு வந்தபடி அதைத் திட்டுவார். திட்டுவதற்கு மட்டும் சொற்கள் தடையில்லாமல் வந்தன.

நாலைந்து நாள் நட்டார். துவைகல் பக்கத்து வரிசைகள் ஓரளவு நேராக இருந்தன. காம்பவுண்டு ஓரத்துக் கடைசி வரிசைக்கு வந்தபோது கை சோர்ந்துபோய், கிழங்குகள் குடித்துவிட்டு நடப்பவன் காலடி மாதிரி கோணலாக விழுந்தன. "நான் சரி பண்ணட்டுமா?" என்றேன். "தொட்ட... கைய ஒடிப்பேன்" என்றார் அண்ணன்.

முளைகள் வந்தன. முதலில் ஒன்று மூக்கை நீட்டியது, பிறகு வரிசையாக. அண்ணன் விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் போய்ப் பார்த்தார். "கைராசிங்க உங்களுக்கு" என்றார் அண்ணி. அந்த வாரத்திலேயே அண்ணன் டீ டம்ளரை வலது கையால் தூக்க ஆரம்பித்தார். பாதி மடியில் கொட்டும். அண்ணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. பால்காரர் மூட்டையாகக் கொடுத்த சாணி எருவைச் சுமந்து வந்து, இன்னும் மக்கக்கூட இல்லாத அதை அள்ளி அள்ளிச் செடிகளின் காலடியில் போட்டு மண்ணோடு கிளறிவிட்டார். பிள்ளைக்கு ஊட்டுகிற ஆசை அவருக்கு.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. செடிகள் முழங்கால் உயரம் வந்தபோது ஒன்று தலையைத் தொங்கப் போட்டது. மறுநாள் பக்கத்துச் செடி. தண்ணீர் ஊற்றினோம், நிழல் கட்டினோம். மூன்றாவதும் வாடியது. காலையில் பச்சையாக நிற்பது சாயங்காலம் துவண்டு கிடந்தது. இழுத்தால் அப்படியே கையோடு வந்தது.

அண்ணன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளங்காத கை" என்றார். இந்த இரண்டு சொற்களும் தடுக்காமல் வந்தன. அன்றைக்கு டீயை இடது கையால் வாங்கிக்கொண்டார். செடி போனால் போகிறது, இன்னொரு பை வாங்கலாம். அந்தக் கை மறுபடி மடிக்குத் திரும்பிவிட்டால் அதை யார் எங்கே போய் வாங்குவது?

"கையும் இல்ல, காலும் இல்ல. கீழ ஏதோ திங்குது" என்றார் அண்ணி. அன்று வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, பையைக்கூடக் கீழே வைக்காமல், வாடிய செடி ஒன்றைப் பிடுங்கினார். கிழங்கில் பாதியைக் காணோம். அதற்குள் உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டார். அந்தக் கோலத்தை அவர் பார்க்க வேண்டாம் என்று துவைகல்மேல் போட்டுவிட்டு ஓடினார் அண்ணி. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போதுதான் நினைவு வந்து எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி! இங்க வா! பல்லு!"

கிழங்கின் ஓரத்தில் இரண்டு வரி பள்ளம், உளியால் செதுக்கியது போல. அண்ணிக்குப் பல் தடம் கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. கிழங்கைக் கைக்குட்டையில் சுற்றி வேலைக்கே எடுத்துப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பியபோது கையில் சின்ன பிளாஸ்டர் அச்சு இருந்தது. அதை அண்ணன் முன்னால் வைத்தார்.

"பாத்துக்கங்க. மேல ரெண்டு, கீழ ரெண்டு. கொறிக்கிற ஜாதி. எலி! உங்க கை பாவம், அது என்ன பண்ணுச்சு?"

அண்ணன் அச்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதை வலது கையால் வாங்கினார் என்பதை நானும் அண்ணியும் ஒரே நேரத்தில் கவனித்தோம். "எலி..." என்று தலையாட்டினார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

எலி என்றால் அது என் இலாகா. ரொட்டித் துண்டு வைத்துப் பொறி வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு மூஞ்சூறு. நீள மூக்கை ஆட்டிக்கொண்டு கீச் கீச் என்று கத்தியது. நாற்றம் தெருமுனை வரை அடித்தது. "அகப்பட்டான் திருடன்!" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். அது வாயைத் திறந்து கத்தியதும் நெற்றியைச் சுருக்கினார். "தம்பி, இதுக்குப் பல்லு ஊசி ஊசியா இருக்கு. இது கொறிக்காது, குத்தும். பூச்சி புழு திங்கிற வாயி இது. கெழங்குல இருந்த பல்லு வேற."

"திருடனப் புடிச்சா பல்லையா எண்ணுவாங்க? தோட்டத்துல புடிச்சேன்ல, இதான்" என்று ஒரே போடாகப் போட்டேன். பல் விஷயத்தில் அண்ணியோடு மோதுவது புத்திசாலித்தனம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூக்கின்மேல் உட்கார்ந்திருந்தது பேச வைத்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் அவரும் விட்டுவிட்டார். நான் கூண்டை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாலம் தாண்டி, புதர் மண்டிய வெற்று மனையில் அதைத் திறந்துவிட்டேன். வீரன் மாதிரி திரும்பி வந்தேன்.

செடிகள் முன்னைவிட வேகமாக விழுந்தன.

எலி என்று நம்பவைத்து அந்த நம்பிக்கையையும் பறித்தது, முதலிலேயே சொல்லாமல் இருந்ததைவிட மோசமாகிப் போனது. அண்ணன் அந்தப் பிளாஸ்டர் அச்சை ஜன்னல் விளிம்பிலிருந்து எடுத்து அண்ணியின் பையில் போட்டுவிட்டு, "போதும். விடு" என்றார். பிசியோதெரபிக்காரப் பெண் வந்தபோது கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணி அவளிடம் ஏதோ சமாளித்து அனுப்பிவிட்டு, சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். தண்ணீர் சத்தத்தில் அழுதார் என்று எனக்குத் தெரியும். புருவத்தில் பிளாஸ்டர் அப்படியே ஒட்டியிருந்தது. அண்ணன் படுத்த நாளிலிருந்து தினமும் அது அங்கேயேதான் இருந்தது, குளிக்கும்போது கரைந்து போகும் வரைக்கும்.

மறுநாள் அண்ணி சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போய்விட்டார். நான் எடுத்துக்கொண்டு போனேன். படி ஏறும்போதே அவர் குரல் கேட்டது. ஏதோ கிளினிக்கிலிருந்து அச்சு கொண்டு வந்தவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப எடுத்தது இது?"

"நேத்து சாயங்காலம்மா."

"நேத்து எடுத்தத அப்படியே திறந்து போட்டு இன்னிக்குக் கொண்டுவந்து நீட்டுறீங்க! எடுத்த உடனே ஈரத்துணியில சுத்திக் கொடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? ராத்திரி பூரா காஞ்சு சுருங்கிப் போயிருக்கு. இதுல இப்ப நான் பாக்குறது அந்த மனுசன் வாயா, இல்ல உங்க மேஜையில காஞ்ச கோலமா? ராத்திரி வெளிய கெடந்தத வெச்சு எந்த முட்டாளாவது..."

அங்கே நின்றுபோனது பேச்சு. கையில் அச்சுத் தட்டோடு அண்ணி என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தாரா, எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாரா தெரியவில்லை. வந்த மனிதர் தனக்கு இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறதோ என்று நடுங்கிக்கொண்டு நின்றார்.

"தம்பி" என்றார் அண்ணி மெதுவாக. "அந்தக் கெழங்கு ராத்திரி பூரா துவைகல்லு மேல கெடந்துச்சு."

"ஆமா. அதுக்கென்ன?"

"அங்கதான் எலி தெனமும் ஓடுமே! மண்ணுக்குள்ள கடிச்சது யாரோ. கல்லு மேல கெடந்த மிச்சத்தக் கொறிச்சிட்டுப் போனது எலி. நான் பாத்த பல்லு அப்புறம் பட்ட பல்லு. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறேன், என் வீட்டு அச்ச நானே காயப் போட்டிருக்கேன்!"

அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னோடு கிளம்பினார். சாப்பாட்டுப் பையை மறுபடியும் மறந்துவிட்டார். இந்தத் தடவை இருவருமே மறந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துப் பின்கட்டில் விரித்தார். அண்ணனைக் கூப்பிட்டார். வரவில்லை. உள்ளே போய், "எனக்காகக்கூட வேணாம், இவன் அந்த மூஞ்சூறுக்குப் பண்ண அநியாயத்தப் பாக்கவாவது வாங்க" என்று கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"செத்துப்போனத எடுக்காத தம்பி. இப்பதான் வாட ஆரம்பிச்சிருக்கே, அத எடு. சுத்தியிருக்குற மண்ணோட எடு. எதுவும் உதிரக் கூடாது."

நான் மண்வெட்டியால் அகலமாகச் சுற்றி வெட்டி, பாளமாகத் தூக்கி விரிப்பில் வைத்தேன். பகல் வெளிச்சம் நேரே விழுந்தது. அண்ணி தன் மெழுகுக் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தார். வாய்க்குள் பார்ப்பது போலவே நிதானமாகப் பார்த்தார். வீட்டில் அவரிடம் அவ்வளவு பொறுமையை நான் பார்த்ததே இல்லை.

"தண்டு அறுபடல. அப்ப வெட்டுப்புழு இல்ல, அது தரை மட்டத்துல அறுத்துச் சாய்ச்சிடும். மேல மண்ணு வரப்பு மாதிரி தூக்கிக்கிட்டு ஓடல. அதனால பிள்ளைப்பூச்சியும் இல்ல. எலி வந்து போக வளையும் இல்ல." எல்லாவற்றையும் அண்ணன் முகத்தைப் பார்த்தே சொன்னார். எங்கே கற்றுக்கொண்டார் என்று பிறகு கேட்டேன். நர்சரிக்காரருக்கு மேல் வரிசை கட்டியது இவர்தானாம். அளவு பார்க்க வரும்போதெல்லாம் அவர் பேசிக்கொண்டே இருப்பாராம்.

கத்தி முனையால் மண்ணை விலக்கிக் கிழங்கைத் தூக்கினார். அடியில் வேர் இருந்த இடம் மொட்டையாக இருந்தது. பக்கத்தில் குழி குழியாக, கரண்டியால் சுரண்டித் தின்ற மாதிரி. பல் தடமே இல்லை. மண் கட்டியை லேசாகத் தட்டினார். விரிப்பின் மேல் பொத்தென்று ஒன்று விழுந்தது. வெள்ளை வெளேரென்று, சுண்டுவிரல் தடிமனில், வளைந்து சுருண்ட புழு. பழுப்புத் தலை. முன்னால் குட்டிக் கால்கள். இன்னொன்று விழுந்தது. இன்னும் இரண்டு.

"ஐயோ, ஐயோ!" என்று அண்ணி கத்தியைப் போட்டுவிட்டு என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார். ஊரார் எச்சில் பட்ட அச்சையெல்லாம் கையில் எடுப்பவருக்குப் புழு என்றால் உயிர் போய்விடும். எனக்கும் அப்படித்தான், ஆனால் நான் ஆண்பிள்ளை என்பதால் அசையாமல் நின்றேன்.

"வேர்ப்புழு" என்றார் என் தோளுக்குப் பின்னாலிருந்து. "வண்டு முட்டை போட்டு வர்றது. மக்காத எருவுலதான் முட்டை இருக்கும்னு நர்சரிக்காரர் சொன்னார்..." அதோடு நிறுத்திவிட்டார்.

நான் மூட்டையைப் பார்த்தேன். துவைகல் ஓரத்தில் மிச்ச எருவோடு சாய்ந்திருந்தது. போய்க் காலால் ஒரு தள்ளு தள்ளினேன். உள்ளே புழுக்கள் நெளிந்தன. அண்ணியின் காதோரம், "எலின்னே இருக்கட்டும் அண்ணி. எதுக்கு உங்க தலையில போட்டுக்கிறீங்க?" என்றேன்.

அண்ணி என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஸ்டூல் பக்கத்தில் மண் தரையில் உட்கார்ந்தார்.

"என்னங்க, அந்தக் கடைசி வரிசையப் பாருங்க."

அண்ணன் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை நாளாகக் கண்முன் இருந்தும் பார்க்காததை அப்போதுதான் பார்த்தேன். காம்பவுண்டு ஓரத்துக் கோணல் வரிசை, கை சோர்ந்துபோய் அண்ணன் தாறுமாறாக நட்ட வரிசை, ஒன்றுகூட வாடாமல் நின்றது.

"அந்த வரிசைக்கு வர்றதுக்குள்ள எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. எரு போடாம விட்டுட்டேன். நீங்க உங்க கையால நட்டு வெச்சது மட்டும்தான் அங்க இருக்கு. என் கை பட்ட எடமெல்லாம் போச்சு, உங்க கை மட்டும் பட்டது நிக்குது. வெளங்காதது உங்க கை இல்லங்க. நான்தான் ஆசையில புழுவக் கொண்டாந்து கொட்டியிருக்கேன்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். குழாய் திறக்காமல், சத்தமாக, மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். பிறகு விரிப்பில் நெளிந்த புழுவைப் பார்த்தார்.

"டப்பா" என்றார்.

நான் காலி பெயிண்ட் டப்பா ஒன்றில் சோப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தேன். அண்ணன் அதை இடது கையால் மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டார். வலது கையை விரிப்பின்மேல் நீட்டினார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றை ஒன்று தேடின. புழு வழுக்கி உருண்டது. நான் குனியப் போனேன், அண்ணி என் காலைப் பிடித்து இழுத்தார். அண்ணன் மறுபடி கையை நீட்டினார். உதடு கோணியது, நெற்றி வேர்த்தது. இரண்டு விரலும் சேர்ந்தன. புழு தரையிலிருந்து எழும்பியது. காற்றில் ஆடியது. டப்பாவுக்கு நேரே வந்ததும் அண்ணன் அதைப் போடாமல், கையை மெதுவாகத் திருப்பி அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுக்கு... பல்லு... கட்டு" என்றார்.

அண்ணி அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். அண்ணன் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் இழுத்த கோணல் சிரிப்பு. பிரஷ் விழுந்த நாளிலிருந்து நாங்கள் கேட்காத சத்தம் அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த செடியை வெட்டப் போனேன்.

அந்த வாரம் முழுவதும் அதுதான் அண்ணனுக்கு வேலை. நான் பாளம் பாளமாக வெட்டி விரிப்பில் போடுவேன். அவர் பொறுக்குவார். அண்ணி தூர நின்று, "அதோ அங்க ஒண்ணு! விட்டுட்டீங்க!" என்று மேற்பார்வை செய்வார். அடிப்பாகம் தேறிய கிழங்குகளைக் கழுவி உலர்த்தி, சலித்த மண்ணில் அண்ணனே மறுபடி நட்டார். பிசியோதெரபிக்காரப் பெண் பட்டாணிக் கிண்ணத்தோடு வந்தபோது அண்ணன் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்த் தன் கிண்ணமான புழு டப்பாவைக் காட்டினார். அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கூச்சல் ஓய்ந்ததும் அவள் அண்ணனின் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், இனிமே எனக்குப் பட்டாணி வாங்குற செலவு மிச்சம்" என்றாள்.

நான் வாய்க்கால் பாலம் தாண்டி அந்த வெற்று மனைக்கு ஒரு நடை போய் வந்தேன். தோட்டத்துப் புழுவைத் தின்றுகொண்டிருந்த ஒரே காவல்காரனை நாடு கடத்தியது நான்தானே. புதர்ப் பக்கம் சும்மா நின்றேன். அதனிடம் என்ன சொல்வது? கொஞ்ச நாளில் சமையலறைப் பக்கம் பழைய நாற்றம் அடித்தது. அதுவா, அதன் சொந்தக்காரரா, தெரியாது. அண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டுப் போகட்டும்" என்றார். பொறியைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

கோணல் வரிசை முதலில் பூத்தது. அன்று சாயங்காலம் நான் டிப்போவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அண்ணி எனக்கு முன்பே வந்து, பையைக்கூட வைக்காமல் பூவைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குள் வந்தார். இடது புருவத்தில் காய்ந்த பிளாஸ்டர் இருந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து விளக்கைப் போட்டார்.

"இங்க... வா" என்றார்.

அண்ணி போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். அண்ணனின் வலது கை மெல்ல மேலே போனது. ஒரு தடவை காதில் இடித்தது, ஒரு தடவை மூக்கில். பிறகு புருவத்தைக் கண்டுபிடித்து இரண்டு விரலும் சேர்ந்தன. பிளாஸ்டர் வந்தது. அதோடு புருவ முடியும் இரண்டு வந்தது.

"ஆ! பிடுங்கிட்டீங்களே!" என்றார் அண்ணி. கண்ணைத் திறக்கவில்லை, நகரவும் இல்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. வலியினால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"இன்னும்... இருக்கு" என்றார் அண்ணன்.

அதற்குமேல் அங்கே எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, அண்ணன் காலையிலேயே ஊற்றிவிட்ட தோட்டத்துக்கு நான் வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.